கொசுறு ஸ்பூன்

அன்றைக்குப் பிற்பகல் திருப்பரங்குன்றம் ஸ்டேஷன் நடைமேடையில் இருந்தவர்கள்: கேனை இறக்கி வைத்துவிட்டுக் காலை நீட்டியிருந்த டீக்காரர் ஒருவர், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்த காலேஜ் பெண், மொட்டைபோட்டுச் சந்தனம் பூசிய குழந்தையோடு கோயிலிலிருந்து வந்திருந்த புருஷனும் பெண்டாட்டியும், குழந்தையையும் சேர்த்து மூன்று, பீடியைப் பற்றவைக்காமல் வாயிலேயே வைத்திருந்த பெரியவர், விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டுத் தூண் நிழலில் ஒதுங்கியிருந்த பெருக்குகிறவள், கடைசிப் பெஞ்சில் மடியில் நீளமான கறுப்புப் பெட்டியோடு குருவம்மாள். ஆக எட்டு. நாய் ஒன்றும் இருந்தது. குருவம்மாள் நாயைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் தலைகளை எண்ணிவிடுவது அவளுக்குப் பழக்கம். தலையில் பாத்திரக்கூடையோடு தெருத்தெருவாகப் போன காலத்தில், ஒரு முனையில் நின்று பார்த்தாலே இங்கே எத்தனை வாசல், எத்தனை வாசலில் ஆள், அதில் எத்தனை பேர் பழைய துணியை வைத்துக்கொண்டு கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் என்று தெரிந்துவிடும். இந்த எட்டில் யாரிடமும் பழைய துணி இல்லை. மொட்டைக் குழந்தையின் அப்பா போட்டிருந்த பேண்ட் மட்டும் இன்னும் ஒரு தீபாவளிக்கு மேல் தாங்காது, முழங்கால் வெளுத்துவிட்டது, ஒரு சின்னச் சம்படம் கொடுக்கலாம். கொடுக்கக் கூடை இல்லை. கூடையை இறக்கி வைத்து நாலு வருஷம் ஆகிறது.

டீக்காரர் அந்தப் பெட்டியை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் கேட்டுவிட்டார். “என்னம்மா, கச்சேரிக்கா போறீங்க?” குருவம்மாளுக்குக் கழுத்துவரை கூச்சம் ஏறியது. இல்லப்பா என்று தலையை ஆட்டினாள். “வயலினுதான அது? நம்ம சர்ச்சுல ஒருத்தர் வாசிப்பாரு, இதே பொட்டிதான்” என்றார் அவர். “இது வேற ஆளுதுப்பா.” சொல்லிவிட்டாள், சொன்ன பிறகு அது சரியா என்று உள்ளுக்குள் உரசிப் பார்த்துக்கொண்டாள். இன்னும் சற்று நேரத்தில் ஹேமலதா என்ற பெண் வந்து வாங்கிக்கொண்டு போனால் அது அவளுடையது. அதுவரை யாருடையது? என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. இந்தப் பெட்டிக்குள் கிடப்பதை ஒரே ஒருமுறை திறந்து பார்த்திருக்கிறாள், தொட்டில் குழந்தை மாதிரி சிவப்புத் துணிக்குள் கிடந்தது, விரல் தெரியாமல் பட்டதும் ஒரு கம்பி முனகியது, உடனே மூடிவிட்டாள். எதற்கு முனகியது. யாரைக் கேட்டது. அந்த ஒற்றை ஸ்பூனைத்தான் கேட்டிருக்கும். இது அந்த ஸ்பூன்தானே. மாற்று வியாபாரத்தில் ஸ்பூன் செடியாகி, செடி கடிகாரமாகி, கடிகாரம் எமர்ஜென்சி விளக்காகி, விளக்கு மிக்சியாகி, மிக்சி சின்னப்பிள்ளை சைக்கிளாகி, சைக்கிள் இந்த வயலினாகி மடியில் கிடக்கிறது. இன்னும் ஒரே ஒரு படி. அரக்குப் பட்டு, மயில்கழுத்துக் கரை, அசல் ஜரிகை. அதோடு நிறுத்திவிட வேண்டியதுதான்.

அவர்கள் பிரிந்த அன்றைக்கு, அதாவது கூட்டாகப் பாத்திரக்கூடை தூக்கிய மாயக்காவும் அவளும், கூட்டுச் சரக்கை எல்லாம் சரிபாதியாகப் பிரித்தார்கள். குடம், சட்டி, தூக்குவாளி, தட்டு, எல்லாம் ஜோடி சேர்ந்தது. கொசுறு கொடுப்பதற்கென்று வைத்திருந்த சின்ன ஸ்பூன்கள் மட்டும் நாற்பத்தொன்று இருந்தன. ஆளுக்கு இருபது. ஒன்று மிஞ்சியது. “நீயே வச்சுக்க” என்றாள் மாயக்கா, அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து. “எனக்கு எதுக்குக்கா உன் பாகத்துல பாதி” என்றாள் இவள். ஸ்பூனைப் பாதியாக வெட்ட முடியாது. அது இரண்டு பேருக்கும் நடுவில் சிமெண்டுத் தரையில் கிடந்தது. மாயக்கா எழுந்து போய்விட்டாள். இவள் அதை எடுத்து வந்து மற்ற இருபதோடு சேர்க்காமல் தனியாகச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அது யாருடையதும் இல்லை. யாருடையதும் இல்லாத பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு தூங்குவது எவ்வளவு கஷ்டம் என்று யாரிடம் சொல்வது. திருப்பூரில் இருக்கும் மகன் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் போனபோது, அதில் எதையோ தள்ளிக்கொண்டே போனதில் ஒரு சந்தை வந்தது. மதுரைக்காரர்கள் கூடி நடத்துகிற சந்தை, மாற்றிக்கொள்வது மட்டும்தான், காசு என்ற பேச்சே கூடாது என்று மேலேயே எழுதி வைத்திருந்தார்கள். குருவம்மாள் அதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். யாரோ கதவைத் திறந்து, ஏ பாத்திரக்காரம்மா, இங்க வா என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. இரண்டு நாள் எழுதி எழுதி அழித்து, மூன்றாம் நாள் அந்த ஒற்றை ஸ்பூனைப் படம் எடுத்துப் போட்டாள். எவர்சில்வர் ஸ்பூன், ஒன்று, புதுசு, மாத்திக்க. சிரிக்கிற மூஞ்சிகளாக வந்து விழுந்தன. ஆனால் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒரு பையன், தயிர்சாதத்தைக் கையால் சாப்பிட்டே அலுத்துப்போனவன் போலிருக்கிறது, ஹார்லிக்ஸ் பாட்டிலில் வேர்விட்ட மணிப்பிளாண்ட் கொடியைக் கொடுத்துவிட்டு வாங்கிப்போனான். அவனுக்கும் கொசுறு ஒரு ஸ்பூன் கொடுத்தாள், தன்னுடைய இருபதிலிருந்து. “ஸ்பூனுக்கு ஸ்பூன் ஃப்ரீயா பாட்டி?” என்று கேட்டான். ஃப்ரீ இல்லை தம்பி, கொசுறு. இரண்டும் வேறு. ஆனால் அதை அவனுக்கு விளக்கிச் சொல்ல வரவில்லை.

ஒவ்வொரு மாற்றுக்கும் ஒரு ஸ்பூன் போயிற்று. கடிகாரம் கொடுத்த ரிட்டயர்டு டீச்சர் அதை வாங்கவே இல்லை, எங்கிட்டயே டப்பா நிறைய இருக்கும்மா என்றார், குருவம்மாள் வாசல் கேட் சுவரில் வைத்துவிட்டு வந்தாள். சைக்கிள் வாங்கியவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு, வாட்ச்மேனிடம் வயலின் பெட்டியை வைத்துவிட்டு சைக்கிளை அவரிடமே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். முகத்தைப் பார்க்காமல் ஒரு வியாபாரமா. அவள் சைக்கிள் மணியில் ஸ்பூனைக் கட்டித் தொங்கவிட்டாள். இந்தப் போன் சந்தையில் எல்லாமே இப்படித்தான். இருக்கா என்று கேட்கிறார்கள். இருக்கு என்றால் ஓகே என்கிறார்கள். ஓகே என்பதற்குப் பிறகு பேச்சே இல்லை. சேலையை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டை பார்ப்பது இல்லை, இது ஒரு சட்டியா, இதில் எங்க வீட்டுப் பூனைக்குக்கூடப் பால் பத்தாது என்று சொல்வது இல்லை, கட்டுப்படியாகாதுங்க என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்து, பின்னால் கூப்பிடுவார்களா கூப்பிடுவார்களா என்று முதுகாலேயே கேட்டுக்கொண்டு போவது இல்லை. பிடிக்கவில்லையென்றால், பார்த்துவிட்டார்கள் என்பதற்கு இரண்டு நீலக் கோடு மட்டும் விழுந்து அப்படியே கிடக்கும். அந்த நீலக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு எத்தனை மத்தியானம் உட்கார்ந்திருக்கிறாள். தெருவாக இருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து மாயக்கா குரல் வரும், “பழைய துணிக்குப் பாத்திரம்” என்று முதல் பாதியை மட்டும் இழுப்பாள், இந்தப் பக்கம் இவள் “பட்டு வாங்குறோம், பேண்ட்டு வாங்குறோம்” என்று மீதியைச் சொல்வாள். இவளுக்குக் குரல் எழும்பாது, கூச்சம். அதனால்தான் பின்பாதி இவளுக்கு. முன்பாதி இல்லாமல் பின்பாதியை மட்டும் எப்படிக் கூவுவது. கூவிப் பார்த்தாள் ஒருநாள், பிரிந்த புதிதில், தெருவில் ஒருவரும் திரும்பவில்லை, தனக்கே யாரோ பைத்தியம் பேசுகிற மாதிரி இருந்தது. அன்றைக்கு வந்து இறக்கிய கூடைதான்.

ரயில் எப்போது. சுருக்குப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். விருதுநகர் பாசஞ்சர் வர இன்னும் அரைமணி இருந்தது. ஹேமலதா வந்துகொண்டிருக்கிறேன் என்று போட்டிருந்தாள், அது காலையிலேயே போட்டது. பட்டு வராமல் ரயில் வந்துவிட்டால்? வந்து ஒரு நிமிஷம் நின்று போய்விட்டால்? மாயக்கா இப்போது விருதுநகரில் மகள் வேலுத்தாய் வீட்டில் இருக்கிறாள், கண்ணில் புரை, மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள், சாயங்காலமே பேருந்தில் திரும்பிவிடுவார்கள். வேலுத்தாய்தான் போனில் சொன்னாள். “அம்மாகிட்ட சொன்னேன் சின்னம்மா, நீங்க ஸ்டேஷன்ல நிப்பீங்கன்னு. ஒண்ணும் சொல்லல.” “வேணாம்னு சொன்னாளா?” “வேணாம்னும் சொல்லல. சும்மா சேலைய உதறிக் கொடியில போட்டுட்டு இருந்துச்சு.” சேலையை உதறினாள் என்றால் எப்படி உதறினாள். கோபத்தில் உதறினால் ஒரு சத்தம், சும்மா உதறினால் ஒரு சத்தம். வேலுத்தாய்க்கு அதெல்லாம் தெரியாது. அதற்குப் பிறகு குருவம்மாள் செய்த காரியம்தான் இப்போது அரித்துக்கொண்டிருந்தது. நேற்று ஸ்டேஷனுக்கு வந்து விசாரித்து, மதுரைக்குப் போகிற வண்டிக்கு நடைமேடை இடது கைப் பக்கம் வரும் என்று தெரிந்துகொண்டு, போனில் குரலைப் பதிந்து அனுப்பினாள்: அக்காவ இடது பக்க ஜன்னல்ல உட்கார வை. வேலுத்தாயிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு இரவு முழுக்க நிம்மதியாகத் தூங்கி, காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. பாசஞ்சரில் ஸீட்டுகள் எதிரும் புதிருமாக இருக்கும். வண்டி போகிற பக்கம் பார்த்து உட்கார்ந்தால் இடது கை நடைமேடைக்கு. பின்னால் பார்த்து உட்கார்ந்தால் இடது கை அந்தப் பக்கத்துத் தண்டவாளத்துக்கு, கருவேல மரத்துக்கு. மாயக்கா பின்னால் பார்த்துத்தான் உட்காருவாள். சாத்தூருக்குச் சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் அப்படித்தான், கேட்டால், போற ஊரு எப்படியும் வந்துரும்டி, விட்டுட்டு வந்த ஊருதான் போயிரும், அதப் பாக்க வேணாமா என்பாள். மறுபடி போன் செய்து மாற்றிச் சொல்லலாம்தான். காலையிலிருந்து ஆறு தடவை எடுத்து எடுத்து வைத்தாள். என்ன சொல்வது. இடம் வலம் என்று அந்த வார்த்தையை மறுபடி எடுத்தால், அந்தப் பக்கத்திலிருந்து மாயக்கா காதில் விழுந்தால், இன்னும் இவளுக்கு இந்தக் கைக்கணக்கு விடலையா என்றுதானே நினைப்பாள்.

ஏனென்றால் அவர்கள் பிரிந்ததே அந்தக் கைக்கணக்கால் வந்த வினை. இருபத்தேழு வருஷம் ஒரே ஏற்பாடு. தெருவில் நுழையும்போது இடது கைப் பக்க வாசலெல்லாம் மாயக்காவுக்கு, வலது கைப் பக்கம் குருவம்மாளுக்கு. அடுத்தவள் பக்கம் எவ்வளவு நல்ல பட்டு தொங்கினாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. சண்டை வந்த தெருவுக்கு எப்போதும் பிள்ளையார் கோயில் முனையிலிருந்துதான் நுழைவார்கள். அன்றைக்கு அங்கே சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள், சுற்றிக்கொண்டு ரேஷன் கடை முனையிலிருந்து நுழைந்தார்கள். வழக்கம்போல மாயக்கா இடது கை, இவள் வலது கை. தெரு தலைகீழாகிவிட்டது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. மூன்று வீடு போயிற்று. நாலாவது வீடு, நீலக் கேட்டு, அந்த அம்மா உள்ளேயிருந்து அரக்குப் பட்டைக் கொண்டுவந்து இவள் கையில் வைத்தது, கரை மயில்கழுத்து, ஜரிகை கனத்தில் சேலை கையிலிருந்து வழுக்கியது. அப்போதுதான் மாயக்கா தெருவைக் கடந்து வந்தாள். “இது என் வீடாச்சே.” “இல்லக்கா, இன்னைக்கு இந்த முனையிலதான நுழைஞ்சோம். நுழையிற கைதான கணக்கு.” “கை மாறும்டி. வீடு எந்திரிச்சுப் போயி எதிர்ப்பக்கம் உக்காருமா?” அந்த அம்மா சிரித்துவிட்டது. சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை. இவளுக்குக் காது சூடாகி, எப்போதும் வராத பேச்சு வந்தது. “அப்ப மூணு வீடு நீ என் வரிசையில ஏறினியே. அப்பச் சொல்லலியே.” சரியான பேச்சு. இன்றைக்கு யோசித்தாலும் அதில் ஒரு ஓட்டை கிடையாது. வெளிச்சத்தில் பிடித்து இழை இழையாகப் பார்த்தாகிவிட்டது, நாலு வருஷமாகப் பார்க்கிறாள், ஓட்டையே இல்லை. மாயக்கா தன் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். பிறகு, “சரிடி, நீ சொல்றதுதான் சரி” என்றாள். அவ்வளவுதான். சரி என்று சொல்லிவிட்டு ஒருத்தி போய்விட்டால் அவளை எதைச் சொல்லித் திருப்பிக் கூப்பிடுவது? அந்தப் பட்டு, ஜரிகையிலிருந்து வெள்ளி எடுக்கிறவன் கடையில் எரிந்து வெள்ளியாகிப் போயிற்று, வந்த காசில் தன் பாதியை மாயக்கா தொடவில்லை. நடந்தது தப்பே இல்லை. தப்பாக இருந்திருந்தால் காலில் விழுந்திருக்கலாம். சரியாக இருந்துவிட்டு எப்படி விழுவது.

“வயலின் மாத்துறவங்க நீங்கதான?” நிமிர்ந்தாள். சுடிதார் போட்ட பெண், அதுதான் ஹேமலதா, கூடவே காதில் வைரத்தோடு போட்ட பருத்த அம்மாள் ஒருவர், மூச்சு வாங்கியபடி பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். “எங்க பெரியம்மா. சேலை அவங்களுது” என்றாள் ஹேமலதா. பெண் பெட்டியைத் திறந்து கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஐந்தாவது படிக்கும் மகளுக்காம். பெரியம்மா பிளாஸ்டிக் பையிலிருந்து சேலையை எடுத்தார். அரக்கு. மயில்கழுத்து. அதே இல்லை, அந்தக் கரையில் ருத்திராட்சம், இதில் கோபுரம். குருவம்மாள் எடுத்து வந்திருந்த ஊக்கால் உள்முனையில் யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து ஜரிகையை மெல்லச் சுரண்டினாள். உள்ளே சிவப்பு இழை தெரிந்தது. அப்படியென்றால் அசல் ஜரிகை. “பாத்திரக்காரியா நீ?” என்றார் பெரியம்மா, குரலே மாறி. “ஆமாங்க. போன காலத்துல.” “அதான பாத்தேன். கடைக்காரன்கூட இப்படி உள்ளமுனையில பாக்க மாட்டான். எனக்கு இதக் கட்டிட்டுப் போக ஒரு விசேஷமும் இல்ல, மூட்டு வலி, ஒரு படி ஏற முடியல. போட்டும், பிள்ள வாசிக்கட்டும்.” குருவம்மாள் சேலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து நீட்டினாள். ஹேமலதா, “ஐயோ, வேணாம்மா” என்றாள். பெரியம்மா அவள் கையைத் தட்டிவிட்டார். “நீ சும்மா இருடி. ஏம்மா, இந்தப் பட்டுக்கு ஒத்த ஸ்பூனா கொசுறு? பேண்ட்டு போட்டாலே எங்க தெருவுக்கு வர்ற பாத்திரக்காரி ஒண்ணு குடுப்பா.” குருவம்மாளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகி ஓடியது. “கட்டுப்படியாகாதுங்க” என்றாள், தலையைக் குனிந்துகொண்டு, அந்தப் பழைய குரலில். “என்ன கட்டுப்படியாகல? சிவப்பு இழையப் பாத்தேல்ல?” “பாத்தேங்க.” “அப்ப?” இன்னொன்று எடுத்துக் கொடுத்தாள். “வாசிக்கப்போற பிள்ளைக்கு ஒண்ணு?” என்றார் அவர், கையை மடக்காமலே. மூன்றாவதையும் கொடுத்தாள். பெரியம்மா மூன்றையும் பைக்குள் போட்டுச் சிரித்தார். “கணக்கு முடிஞ்சாப் போதுமா? கொசுறு குடுத்தாத்தான் நாளைக்கும் உன்னையக் கூப்பிடத் தோணும்.” ஹேமலதா பெட்டியைத் தூக்கிக்கொள்ள, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். படியிறங்கும்போது திரும்பி, “அந்தச் சேலைய எரிச்சுப்புடாத” என்றார். இல்லைங்க என்று சொல்வதற்குள் போய்விட்டார்.

மடி திடீரென்று லேசாகிவிட்டது. பெட்டி இருந்த இடத்தில் பட்டு. மீதி ஸ்பூன்களை முடிந்து வைத்திருந்த கைக்குட்டைக்கு மேலாகவே தடவிப் பார்த்தாள், பதினொன்று. நினைத்த பொருள் நினைத்தபடி கைக்கு வந்துவிட்டது. வந்த பிறகுதான் அந்தப் பயம் வந்தது, இத்தனை நாளும் ஏறிக்கொண்டே இருந்ததில் தெரியாமல் இருந்த பயம். இதைக் கொடுத்ததும் என்ன ஆகும்? அரக்குக்கு அரக்கு, மயில்கழுத்துக்கு மயில்கழுத்து. நேருக்கு நேர். மாயக்கா வாங்கிக்கொண்டு, சரிடி, கணக்கு நேராயிருச்சு என்று சொல்லிவிட்டால்? இந்த நாலு வருஷம் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சேலையாவது கிடந்தது. எரிந்துபோனாலும் கிடந்தது. காலையில் எழுந்தால் அதை நினைத்து இவள் ஒரு வாதம் சொல்வாள், மனசுக்குள் மாயக்கா ஒரு பதில் சொல்வாள், பொழுது போகும். இதைக் கொடுத்துவிட்டால் வாதமும் முடிந்துவிடும். அடுத்த மாதம் எதைச் சாக்காக வைத்து விருதுநகருக்குப் போன் போடுவது. கொடுக்காமல் விட்டுவிடலாமா. எதிரே மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. பாசஞ்சர் வருவதாக ஒலிபெருக்கி சொன்னது, தமிழில் சொன்னது, பிறகு புரியாததில் சொன்னது. மொட்டைக் குழந்தையை அப்பா தூக்கிக்கொண்டார். பெரியவர் பீடியைக் காதில் சொருகிக்கொண்டார். குருவம்மாள் எழுந்தாள், முழங்கால் வலித்தது, உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கணக்கு முடிஞ்சாப் போதுமா. யார் சொன்னது, அந்த வைரத்தோடு அம்மாள். கொசுறு எந்தக் கணக்கில் வரும்? எதிலும் வராது. பொருளுக்குப் பொருள் ஆன பிறகு, அதற்கு வெளியே விழுவது அது. இருபத்தேழு வருஷம் கொடுத்துக்கொண்டே இருந்தும் இப்படி நினைத்ததில்லை.

வண்டி வந்தது. ஜன்னல்கள் ஓடின, எல்லா ஜன்னலிலும் யாரோ, யாரோ, வேறு யாரோ. இடது பக்கம், நடைமேடைப் பக்கம், கம்பிக்குள் ஒரு முகம்கூட மாயக்கா இல்லை. அப்படியென்றால் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள், கருவேல மரத்தைப் பார்த்து. அப்படியென்றால் இடது என்று சொன்னது தப்பாகப் போயிற்று. அப்படியென்றால் சரியாகச் சொல்லியும் பார்க்க வேண்டாமென்றே அந்தப் பக்கம் போய்விட்டாளோ. வண்டி நின்றது. குருவம்மாள் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து குனிந்து, ஆட்களின் தோளுக்கு நடுவே எதிர்ப்பக்க ஜன்னல்களைத் தேடினாள். ஒரு நிமிஷம்தான். கூப்பிட வேண்டும். அக்கா என்று கூப்பிட்டாள், அவளுக்கே கேட்கவில்லை. அப்போது முன்னால் எங்கோ, இஞ்சின் பக்கம், அந்தக் குரல் எழும்பியது, கொஞ்சம் கரகரத்துப்போய், ஆனால் அதே இழுப்பு. “பழைய துணிக்குப் பாத்திரம்.” நடைமேடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். குருவம்மாள் வாயைத் திறந்தாள். “பட்டு வாங்குறோம்” என்றாள், “பேண்ட்டு வாங்குறோம்” என்றாள், ஓடினாள். இரண்டு பெட்டி தள்ளி வாசற்படியில், பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வேலுத்தாய் இடுப்பைப் பிடித்திருக்க, மாயக்கா நின்றுகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். கண் ஒன்றில் வெள்ளை படர்ந்திருந்தது.

“ஏக்கா, ஜன்னல்ல உக்காரலியா?” “எங்க உக்கார? இடதுன்னு சொல்லிவிட்டியாம். எந்தப் பக்கம் பாத்து இடதுன்னு சொல்லல. கள்ளிக்குடியில இருந்து இங்க உக்காந்து அங்க உக்காந்து, கடைசில ரெண்டு பக்கமும் வேணாம்னு வாசலுக்கு வந்துட்டேன்.” “விழுந்துருவ, உள்ள போக்கா.” “வாசல்ல நிக்கத் தெரியாதாடி எனக்கு?” வேலுத்தாய் பின்னாலிருந்து, “சின்னம்மா, சீக்கிரம், எடுத்துருவான்” என்றாள். குருவம்மாள் சேலையை நீட்டப் போனாள், நிறுத்திக்கொண்டாள். “அக்கா, பழைய துணி இருக்கா?” மாயக்கா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பார்த்தாளா, முகம் இருந்த திசையைப் பார்த்தாளா தெரியவில்லை. பிறகு தோளில் கிடந்த துண்டை உருவிக் கொடுத்தாள், கண்ணைத் துடைத்துத் துடைத்து நைந்துபோன துண்டு. “இதுக்கு என்ன தருவ?” குருவம்மாள் ஒரு ஸ்பூனை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். மாயக்கா கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். “நம்ம சரக்கு. என்னோட இருபதும் அப்படியே இருக்குடி. யாருக்குக் குடுக்க?” ஊதல் சத்தம் கேட்டது. “சரி, இது துண்டுக்கு. கொசுறு?” என்றாள் மாயக்கா, வெறும் பழக்கத்தில், கையை நீட்டியபடி. அந்தக் கையில் குருவம்மாள் பட்டை வைத்தாள். வண்டி நகர்ந்தது. மாயக்காவின் பெருவிரல் தானாகக் கரையைத் தேடிப் போயிற்று, நகத்தால் சுரண்டியது. “ஏடி குருவு, அசல்டி இது.” “ஆமாக்கா.” “இதப் போயி எவளாவது கொசுறா குடுப்பாளா?” குருவம்மாள் கூடவே நடந்தாள், நடைமேடை முடிகிறவரை, சிரித்துக்கொண்டு. “வீட்டுக்கு வாடி, பேசணும், கட்டுப்படியாகாது இது” என்று மாயக்கா சொன்னது காற்றில் வந்தது. வாசற்படி சிறுத்தது.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது நடைமேடையில் டீக்காரர், பெருக்குகிறவள், அவள், அந்த நாய். நைந்த துண்டை மடித்தாள். நூல் பிரிந்திருந்தது, பேண்ட்டோடு சேர்த்துப் போட்டால்கூட ஒருவரும் எடுக்க மாட்டார்கள். அதை இடுப்பில் சொருகிக்கொண்டாள். டீக்காரர் ஒரு டம்ளர் டீயை நீட்டி, “எங்கம்மா பொட்டி?” என்றார். “குடுத்துட்டேன்.” “யாருக்கு?” அதைச் சொன்னால் நீளும். டீயைக் குடித்துவிட்டு, பழக்கத்தில் கைக்குட்டையை அவிழ்த்து எண்ணினாள். பத்து. நாலு வருஷமாக அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்வாள், தன் பாகம் மட்டும். இன்றைக்கு விரல் நிற்கவில்லை. மாயக்காவிடம் இருபது, இப்போது கொடுத்ததோடு இருபத்தொன்று. மறுபடி எண்ணினாள், கூட்டினாள், தப்பில்லை. இரண்டாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சும். பிரிக்க வேண்டாம். ஆக மொத்தம் மீதி முப்பத்தொன்று.